மெஸ் நடத்தும் அப்பா, வெளியில் சாப்பிடப் பயப்படும் மகளுக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் நீ பேசியதை அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே. போனில் நான் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஊருக்குச் சோறு போடுகிறவன் மகளுக்கு ஓட்டல் சாப்பாடு என்றால் பயமா என்று கேட்க மாட்டேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது புதிதல்ல. பரீட்சைக்கு, இன்டர்வியூவுக்கு என்று வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் சாப்பாடு வாங்கி, கையால் அளைந்துவிட்டு, பாதி இலையை மூடிவைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சப்ளையர் பையன், "சாம்பார் சரியில்லையாண்ணே?" என்று என்னிடம் கேட்பான். சாம்பாரில் குறை ஒன்றும் இல்லை, பயம்தான்.

உனக்கு இருப்பது இரண்டு பயம். சாப்பாடு கெட்டிருக்குமோ என்பது ஒன்று. சாப்பிட்டபின் எல்லார் முன்னாடியும் வாந்தி வந்துவிடுமோ, வயிற்றைக் கலக்குமோ என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் தொழிலில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு எத்தனை ஓட்டல் மாற்றினாலும் பலனில்லை.

முதலில் தொழில் சங்கதி. கெடுதல் வருவது பெரும்பாலும் சமைத்ததில் இல்லை, சமைத்ததை வைத்திருந்ததில். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கும் சாப்பாட்டில்தான் கிருமி பெருகும். கொதிக்கிற சாம்பாரும் ஆவி பறக்கிற இட்லியும் அதற்கு மேலே இருக்கின்றன. ஃப்ரிட்ஜில் இருப்பது அதற்குக் கீழே. நடுவில் மாட்டுவது காலையில் அரைத்து மதியம் வரை மேசையில் இருக்கும் தேங்காய்ச் சட்னி, வெட்டிவைத்த வெங்காயம், தயிர்ப் பச்சடி, அண்டாவிலேயே ஆறிப்போன சோறு. சோற்றில் ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வெந்தாலும் சாகாது. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், அப்புறம் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மத்தியானச் சோற்றை ராத்திரி ஃப்ரைடு ரைஸ் ஆக்கும் கடைகளை நான் நம்பாதது அதனால்தான். மயோனைஸையும் நான் நம்புவதில்லை. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடையே செய்தது.

கடை பார்க்கவும் ஒரு கண் வேண்டும். ஏ.சி., கண்ணாடிக் கதவு, வெளிச்சம் இதிலெல்லாம் மயங்காதே. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் வந்து சாப்பிடும் கடையில் சரக்கு நிற்காது, போட்டது போட்டபடி தீரும். ஈயோட்டும் பெரிய ஓட்டலைவிட இடித்துக்கொண்டு உட்காரும் சின்ன மெஸ் எனக்குப் பெரிது. சொந்தத் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாட்டியிருக்கிறதா பார். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா பார். அதற்குமேல் துருவாதே. இவ்வளவுக்குப் பிறகும் என்றைக்காவது ஒருநாள் வயிறு கெடலாம், வீட்டில் சாப்பிட்டாலும் கெடும். கெட்டால் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடி. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். காய்ச்சல் வந்தாலோ ரத்தம் போனாலோ டாக்டரிடம் போய்விடு.

இப்போது இரண்டாவது பயம். டீம் லஞ்சில் முதல் வாய் வைத்து ஐந்தாவது நிமிஷம் குமட்டியது, தொண்டை அடைத்தது, எழுந்து ஓடிவிட்டேன் என்று சொன்னாயாம். கெட்ட சாப்பாடு ஐந்து நிமிஷத்தில் வேலை காட்டாது. கிருமியால் வருவதில் வேகமானதற்கே அரை மணி நேரமாவது ஆகும், பெரும்பாலானவைக்குப் பல மணி நேரம், சிலதுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஐந்து நிமிஷத்தில் வந்தது பயம். பயந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. வயிற்றின் வேலை மெதுவாகிறது, எச்சில் வற்றுகிறது, தொண்டை இறுகுகிறது. அந்த நேரத்தில் அமிர்தத்தைக் கொடுத்தாலும் குமட்டத்தான் செய்யும்.

சாப்பிட்ட உடனே வயிற்றைக் கலக்குகிறது என்பதற்கும் சாப்பிட்டது காரணமில்லை. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் இடம் ஒதுக்கத் தொடங்கும். அது எல்லார் உடம்பிலும் நடக்கிற வேலை, பதற்றம் இருந்தால் கொஞ்சம் பலமாக நடக்கும். வெளியே வரப் பார்ப்பது நேற்றைய சாப்பாடு. இன்றைக்குச் சாப்பிட்ட தோசையின்மேல் பழி போடாதே.

ஊருக்கு வரும்போது நைட் பஸ் என்பதால் மத்தியானமே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறாய், தண்ணீரும் குடிப்பதில்லை. விழுப்புரம் தாண்டும்போது தலைவலி, குமட்டல். "பார்த்தீங்களா, சாப்பிடாமலே இப்படி, சாப்பிட்டிருந்தா?" என்கிறாய். வெறும் வயிறுதான் குமட்டுகிறது பாப்பா. பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ சாப்பிடு, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடி. நடுராத்திரி பஸ் நிறுத்தும் ஓட்டலில் சாப்பிட வேண்டாம். அது பயமில்லை, அறிவு. நானும் அங்கே சாப்பிட மாட்டேன்.

நீ செய்யும் காவல் வேலைகளையும் அம்மா சொன்னாள். கதவோரம் உட்காருவது, தட்டை முகர்ந்து பார்ப்பது, கூட வந்தவள் முதலில் சாப்பிடட்டும் என்று காத்திருப்பது, வாந்தி மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடுவது. இவற்றால்தான் தப்பித்தோம் என்று உன் மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. அதனால் அடுத்த தடவை இன்னும் ஒன்று தேவைப்படுகிறது. போன வருஷம் நாலு கடை உனக்குச் சரியாக இருந்தது, இப்போது ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்கு போன் போட்டு "ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று கேட்பதும் அந்தக் காவலில் சேர்த்தி. அவள் "ஆகாதுடி" என்று சொன்னால் ஒரு மணி நேரம்தான் தாங்குகிறது. ஆகவே இனிமேல் அந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் கிடையாது. என்ன சாப்பிட்டாய், உப்பு உறைப்பு எப்படி என்று கேட்போம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவோம். அம்மாவுக்கு இதில் அழுகை வந்தது, ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

சின்னதாக ஆரம்பி. முதலில் டீக்கடை. கொதித்த டீ, நின்றுகொண்டே குடிக்கலாம். அது சலித்துப்போகும்வரை போ. சலிப்புதான் வேண்டும். அப்புறம் தெரிந்த கடையில், கூட்டமில்லாத நேரத்தில், தனியாக ஒரு இட்லி. பாதி போதும் என்றால் பாதி. குமட்டினால் எழுந்து ஓடாதே. கையை மேசைமேல் வைத்து, மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. பயம் ஏறும், ஓர் உச்சிக்குப் போகும், பெரும்பாலும் பத்து இருபது நிமிஷத்தில் தானாக இறங்கத் தொடங்கும். நீ ஒவ்வொரு தடவையும் உச்சியிலேயே ஓடிவிடுவதால் அது இறங்குவதைப் பார்த்ததே இல்லை. இறங்கினபிறகு இன்னொரு வாய் வைத்துவிட்டு எழுந்து வா. அப்புறம் ஒரு தோழியுடன், அதற்கப்புறம் மூன்று பேருடன். டீம் லஞ்ச் கடைசியில். ஒருநாள் முடியாமல் திரும்பி வந்தால் மறுநாள் அதே படியில் நில், கீழே இறங்காதே.

இது அம்மா எழுதச் சொன்னது: எடை குறைகிறதா, தலை சுற்றுகிறதா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கவனி. அப்படி இருந்தால் இந்தக் கடிதம் போதாது. மெலிய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், பயத்தால் சாப்பாட்டைத் தவிர்ப்பதையும் மருத்துவத்தில் ஒரு நோயாகவே 2013-இல் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. நான் சொன்ன படிப்படி முறையையே முறையாகக் கற்றவர்கள் பக்கத்தில் இருந்து செய்யவைப்பார்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். அரசு நடத்துவது, காசில்லை, தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தீபாவளிக்கு வரும்போது ஒருநாள் வடலூர் போய்வரலாம். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டர்களோடு தினமும் மல்லுக்கட்டும் எனக்கு அந்த அடுப்பின்மேல் எப்போதும் ஒரு மலைப்பு. பூசக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் போவோம். பந்தியில் உட்கார், "கொஞ்சமா போடுங்க" என்று சொல். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முடியவில்லை என்றால் அடுத்த லீவில் பார்ப்போம்.

டிக்கெட் போட்டதும் சொல். திரும்பிப் போகும்போது ஒரு வாரத்துக்குக் கட்டித் தருவேன் என்கிறாள் அம்மா. வழிக்கு ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொள், மற்றதை அங்கே கடையில் பார்த்துக்கொள். அதுவும் புளிசோறாக இருக்கட்டும், புளியும் நல்லெண்ணெயும் ஒரு ராத்திரிக்குத் தாங்கும். தேங்காய் சாதம் கேட்காதே, கேட்டால் அவள் செய்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா