பள்ளத்துக்குள் ஒரு பெரிய கோயில்

சேசு மரி சூசை துணை

ஸ்வான்சீ,
செப்டம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது, தைலம் தேய்க்கிறாயா, போனில் கேட்டால் "கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுத்திலேயே கேட்கிறேன். பதிலைத் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல், அவன் மறைக்க மாட்டான்.

முந்தாநாள் 14ஆம் தேதி. மணப்பாட்டில் சிலுவைக் கோயில் திருவிழா, எனக்கு இங்கே டியூட்டி இல்லாத நாள். நான் இல்லாமல் நடக்கிற மூன்றாவது திருவிழா இது. அறையிலேயே கிடந்தால் காலையிலிருந்து போனில் தம்பி அனுப்புகிற படங்களைப் பார்த்து அழுதுகொண்டுதான் இருப்பேன் என்று எனக்கே தெரிந்தது. அதோடு, நான் வந்த நாளிலிருந்து நீ கேட்கிற ஒரே கேள்வி, "அந்த ஊர்ல கும்பிட ஒரு கோயில் உண்டா பிள்ள?" என்பது. இங்கே பக்கத்தில் கோயில் இருக்கிறது, ஞாயிறு பூசைக்கும் போகிறேன். ஆனால் நீ கேட்பது அது இல்லை என்று தெரியும். நேர்ந்துகொண்டு, நடந்து போய், படி ஏறி, முழங்கால் போட்டு அழுதுவிட்டு வருகிற மாதிரி ஒரு இடம் உண்டா என்று கேட்கிறாய். உண்டு அம்மா. அங்கேதான் போய்விட்டு வந்தேன். ஊர் பெயர் செயின்ட் டேவிட்ஸ்.

எனக்கு அதைச் சொன்னது எங்கள் வார்டில் இருக்கிற ஒரு பாட்டி. பகலில் இங்கிலீஷ் பேசுவார், ராத்திரியானால் அது முழுக்க மறந்துபோய் இந்த வேல்ஸ் நாட்டுப் பாஷையான வெல்ஷ் மட்டும்தான் வரும். முதல் நாள் ராத்திரி "தூர், தூர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். தூர் என்றால் தண்ணீர். தண்ணீர் கேட்ட ஒரு உயிரை அரை மணி நேரம் காத்திருக்க வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். வலிக்கு ஒரு வார்த்தை, போதும் என்பதற்கு ஒரு வார்த்தை, நன்றிக்கு ஒரு வார்த்தை. 2021 கணக்கெடுப்பில் 5,38,000 பேர் வெல்ஷ் பேசுகிறவர்கள் என்று வந்திருக்கிறது, மொத்த ஜனத்தில் 18 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் போர்டு, ரயில் அறிவிப்பு, ஆபீஸ் காகிதம் எல்லாவற்றிலும் வெல்ஷ் இருக்கும், பல இடங்களில் அதுதான் முதலில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தப் பாட்டிதான் ஒரு நாள் என் கழுத்துச் சிலுவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "தீதெவி" என்றார். தெவி என்பது டேவிட்டுக்கு வெல்ஷ் பெயர், தீதெவி என்றால் டேவிட்டின் வீடு. இவர்கள் நாட்டுக்கே பாதுகாவலர் அந்தப் புனிதர்தான்.

கோட்டயத்துச் சேச்சியும் நானும் விடியக்காலையில் கிளம்பினோம். ஸ்வான்சீயிலிருந்து ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ஒன்றரை மணி நேர ரயில், அங்கேயிருந்து செயின்ட் டேவிட்ஸுக்குத் தண்டவாளம் கிடையாது, பஸ்தான். அந்த பஸ் பாதையை நீ பார்க்க வேண்டும். நியூகேல் என்ற இடத்தில் ரோடு திடீரென்று கடலுக்குள்ளேயே இறங்குகிற மாதிரி இறங்குகிறது, இரண்டு மைல் நீளத்துக்கு மணல், ஒரு வள்ளம் இல்லை, ஒரு வலை காயவில்லை. அவ்வளவு நீளக் கடற்கரையை வெறுமையாகப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. ரோட்டில் வளைவுக்கு வளைவு வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்கள், அராவ். மெதுவாக என்று அர்த்தம். ஊர் போய்ச் சேருகிறதுக்குள் சேச்சிக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இதை நகரம் என்கிறார்கள் அம்மா. ஜனத்தொகையில் பிரிட்டனிலேயே சின்ன நகரம் இதுதான், 2,000 பேர்கூட இல்லை, நம் திருவிழா சப்பரத்துக்குப் பின்னால் அதைவிட அதிகம் பேர் நடப்பார்கள். பேராலயம் இருப்பதால் 1994இல் எலிசபெத் ராணி நகர அந்தஸ்து கொடுத்தார். நாலு தெரு, ஒரு சந்தைத் திடல், அதில் ஒரு கல் சிலுவை, சில கடைகள், அவ்வளவுதான். சரி, இவ்வளவு பேர் பெற்ற கோயில் எங்கே என்று தலையைத் தூக்கித் தேடுகிறோம், கோபுரமே தெரியவில்லை. ஒரு பழைய கோட்டை வாசல் மாதிரி இருந்தது, அதற்குள் நுழைந்ததும் சேச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார். காலுக்குக் கீழே, பள்ளத்தில், முழுக் கோயிலும் கிடக்கிறது. கோபுரத்தின் உச்சி கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கு இருக்கிறது. அங்கேயிருந்து 39 படி இறங்கிப் போக வேண்டும். கோயிலுக்கு ஏறிப் போய்த்தான் பழக்கம் நமக்கு, இறங்கிப் போனது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஏன் பள்ளத்தில் கட்டினார்கள் என்று அங்கே சொன்ன காரணத்தைக் கேட்டதும் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். மணப்பாட்டில் கோயில் மணல்மேட்டின் உச்சியில் இருக்கிறது, கடலில் கிடக்கிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும், அதைப் பார்த்துத்தான் கரை வந்தது என்று மனசு ஆறும் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இங்கே தலைகீழ். கடலில் வருகிறவன் கண்ணில் படவே கூடாது என்றுதான் ஆற்றோரத் தாழ்வில் ஒளித்துக் கட்டினார்களாம். கடல்வழியாக வைக்கிங் கொள்ளைக்காரர்கள் வருவார்கள். அப்படி ஒளித்தும் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்து சூறையாடியிருக்கிறார்கள், 999இல் மோர்கனாய் என்ற ஆயரையே கொன்றுபோட்டார்கள். கடலைப் பார்த்துப் பயந்து கோயிலை ஒளித்த ஜனங்கள் என்று நினைக்க எனக்குத் தொண்டை அடைத்தது. நமக்குக் கடல் எவ்வளவு எடுத்தாலும் கோயிலை மறைக்கத் தோன்றியதில்லையே.

இப்போது நிற்கிற கோயில் 1181இல் தொடங்கியது. உள்ளே கால் வைத்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது, தரை சரிவாக இருக்கிறது, மேற்குக் கோடியிலிருந்து பீடத்துப் பக்கம் போகப்போக ஏறுகிறது, கடைசிக்குக் கடைசி கிட்டத்தட்ட 4 மீட்டர் வித்தியாசம். தூண்களும் நேராக இல்லை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. 1247-48 வாக்கில் வந்த நிலநடுக்கம்தான் காரணம் என்கிறார்கள். ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று, ஊதாவும் சாம்பலும் கலந்த கல், ஓரங்களெல்லாம் கை பட்டுப்பட்டு வழுவழு என்று இருக்கிறது. மேலே ஓக் மரத்தில் விதானம், 16ஆம் நூற்றாண்டு வேலை, ஒரு சாண் இடம் விடாமல் செதுக்கல்.

இது நம் ரோமச் சபைக் கோயில் இல்லை, ஆங்கிலிக்கன். ஒரு காலத்தில் நம்முடையதாக இருந்ததுதான். 1123இல் கலிஸ்துஸ் பாப்பரசர், இங்கே இரண்டு தடவை வந்தால் ரோமாபுரிக்கு ஒரு தடவை போனதற்குச் சமம், மூன்று தடவை வந்தால் ஜெருசலேமுக்கே போனதற்குச் சமம் என்று சொல்லியிருக்கிறார். உனக்கு எனக்கெல்லாம் அவர் சொன்ன மாதிரி இருக்கிறது. அப்புறம் சபை பிரிந்தபோது 1538இல் பார்லோ என்ற ஆயர் புனிதரின் கல்லறைப் பீடத்தை உரித்து நகையெல்லாம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் கூரை இல்லாமல் நிற்கிற ஆயர் அரண்மனையின் ஈயத் தகடுகளையும் அவர்தான் கழற்றி விற்றார், ஐந்து பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்க என்று ஒரு கதை உண்டு. கல்லறைப் பீடத்தை 2012இல் திரும்பவும் எடுத்துக் கட்டிப் படங்கள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நானும் சேச்சியும் முழங்கால் போட்டோம். அப்பா கண்ணுக்கு ஒன்று, உன் முட்டிக்கு ஒன்று, வார்டுப் பாட்டிக்கு ஒன்று என்று மூன்று மெழுகுதிரி கொளுத்தினேன். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. யாரும் வந்து எழுப்பவில்லை.

வெளியே வந்து ஒரு கடையில் டீயும் வெல்ஷ் கேக்கும் வாங்கினோம். கேக் என்று பெயர்தான், உள்ளங்கை அகலத்தில் தட்டையாக இருக்கும், மாவில் வெண்ணெய், சர்க்கரை, உலர்ந்த திராட்சை போட்டுப் பிசைந்து, நம் தோசைக்கல் போலவே கனமான இரும்புக் கல்லில் போட்டுத் திருப்பி எடுக்கிறார்கள். சூடாகக் கொடுத்தார்கள். நம் வீட்டுக் கல்லிலேயே சுடலாம், வந்து செய்து காட்டுகிறேன்.

ஆனால் அம்மா, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். ஊரிலிருந்து தெற்கே கடலைப் பார்த்து ஒரு மைல்கூட இருக்காது, நடந்தே போனோம். வழியெல்லாம் மஞ்சள் முள்பூவும் ஊதாப் பூவும் சேர்ந்து பூத்துக் கிடக்கிறது. கடற்பாறையைப் பார்த்தால் கோயில் தூணின் அதே ஊதா. அந்தக் கல்லெல்லாம் இந்தக் கரையில் வெட்டியதுதான். கீழே தண்ணீரில் ஒரு கடல்நாய் தலையை மட்டும் தூக்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே செயின்ட் நான்ஸ் என்ற இடம். இங்கே "நான்" (Non) என்பது டேவிட்டின் அம்மா பெயர். இடியும் மழையுமான ஒரு நாளில் அந்த அம்மா தன்னந்தனியாக அந்த மேட்டில் பிள்ளை பெற்றதாகவும், அந்த நேரத்தில் அங்கே ஊற்று பிறந்ததாகவும் சொல்கிறார்கள். வயலுக்கு நடுவில் இடிந்த சிற்றாலயம், பக்கத்திலே அந்த ஊற்று, மேலே சின்னதாக வளைத்துக் கல் கட்டியிருக்கிறது. இரண்டு எட்டு தள்ளி ஒரு கெபி, அதற்குள் நம் மாதா சுரூபம். நான் எதிர்பார்க்கவே இல்லை. மணப்பாட்டில் சவேரியார் குகைக்குள் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதே மாதிரி இங்கேயும் கடல் பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர், எதிரில் மாதா. சேச்சியை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்றைக்கு அழாமல் இருக்கத்தான் கிளம்பிப் போனேன், ஆனால் அறையில் அழுகிற அழுகை வேறு, இது வேறு. உனக்குத் தெரியும்.

அந்தத் தண்ணீர் கண்ணுக்கு நல்லது என்று காலகாலமாக நம்பிக்கை. அப்பாவை நினைத்து என் இரண்டு கண்ணிலும் தொட்டு வைத்தேன், ஒரு சின்ன பாட்டிலில் பிடித்தும் வந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, பஸ் நேரத்துக்கு வரவில்லை, நனைந்துகொண்டே நின்றோம், வீடு வர ராத்திரி பத்தரை ஆகிவிட்டது.

நேற்று ராத்திரி டியூட்டியில் பாட்டியிடம் தீதெவிக்குப் போய் வந்தேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவருக்கு என் இங்கிலீஷ் எவ்வளவு எட்டியது என்று தெரியவில்லை. பாட்டிலைக் காட்டினேன். அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு "தூர்" என்றார். குடிக்கக் கொடுக்கக் கூடாது, வார்டில் விதி அப்படி, அதனால் அவர் தூங்கும்வரை கையிலேயே வைத்திருக்க விட்டேன்.

நீ வருகிற விசா வேலையைத் தம்பி சீக்கிரம் பார்க்கட்டும். மே மாதம் வா, குளிர் குறைந்திருக்கும், சூரியன் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மறையும். வரும்போது கொஞ்சம் கருவாடு, நன்றாகச் சுற்றி, வாசனை வெளியே வராமல். 39 படியை நினைத்துப் பயப்படாதே. ரோட்டில் எழுதியிருக்கிற மாதிரி அராவ், அராவ் என்று சொல்லி நானே உன் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறேன்.

உன் அன்பு மகள்