பூஜ்யத்தில் 24 சதவீதம்

பெறுநர்:
மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம்;
தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு உறுப்பினர்கள்.

வணக்கம்.

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனிகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் சலான் கட்டுவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் எடுப்பது, ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப். கணக்கில் வேறு மாதிரியும் இருக்கும் பெயரைத் திருத்துவது, இவைதான் என் அன்றாட வேலை. கொரோனா காலத்தில் அரசு கொடுத்த சம்பள உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதை அந்தச் சலான்கள் வழியாகவே பார்த்தேன். அந்தத் தொற்று போய்விட்டது. அப்போது எழுதிய தகுதி விதிகளின் சாயல் மட்டும் இன்னும் உங்கள் புதிய திட்டங்களில் தெரிகிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் அறிவித்த கரீப் கல்யாண் என்ற கொரோனா கால உதவித் தொகுப்பில் எங்களைப் போன்றவர்கள் முதலில் தேடிப் படித்தது பி.எஃப். பற்றிய பகுதியைத்தான். தொழிலாளியின் 12 சதவீதம், முதலாளியின் 12 சதவீதம், இரண்டையும் சேர்த்து 24 சதவீதத்தை அரசே கட்டும். முதலில் மார்ச் முதல் மே வரை. அப்புறம் ஆகஸ்ட் வரை நீட்டித்தீர்கள். நீட்டித்தபோது 3.67 லட்சம் நிறுவனங்கள், 72 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், 4,860 கோடி ரூபாய் செலவு என்று அமைச்சரவை முடிவில் சொல்லியிருந்தீர்கள். சின்னத் தொகை இல்லை. குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் உள்ளே நுழைய இரண்டு வாசல் வைத்திருந்தீர்கள். நிறுவனத்தில் மொத்தம் 100 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்களில் 90 சதவீதத்தினராவது மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்குபவர்களாக இருக்க வேண்டும்.

40 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 90 சதவீதம் என்றால் 36 பேர். ஆக, நான்கு பேர் வரை 15,000ஐத் தொடலாம். கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், மெக்கானிக், கணக்குப்பிள்ளை. சரி, நால்வர் ஆயிற்று. அந்த வருடம் முதலாளி மனமிறங்கி, நன்றாகத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவருக்கும் சம்பளத்தை 15,000 ஆக்கியிருந்தால்? கம்பெனியே தகுதி இழக்கிறது. மீதி 35 பேர், டெய்லருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்க்கும் பெண்கள் உட்பட, அத்தனை பேருக்கும் உதவி இல்லை. ஆளுக்கு 10,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் 24 சதவீதம் 2,400 ரூபாய். 35 பேருக்கு மாதம் 84,000 ரூபாய். ஒரு டெய்லரின் சம்பள உயர்வுக்கு இவ்வளவு பெரிய அபராதமா?

பெரிய நிறுவனங்கள் அரசுப் பணத்தை அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் உதவி ஏற்கெனவே 15,000க்குக் குறைவாக வாங்குபவரின் கணக்குக்கு மட்டும்தானே போனது? கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பைசாவும் போகப் போவதில்லை. அப்படியிருக்க, பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பதை வைத்து கைமடி வேலை செய்யும் அம்மாவின் தகுதியை ஏன் முடிவு செய்ய வேண்டும்? அதே சம்பளம், அதே வேலை, அதே ஊரடங்கு. அவர் சேர்ந்த கம்பெனியில் 100 பேர் இருந்தால் உண்டு, 101 பேர் இருந்தால் இல்லை. இந்த விதியால் அரசுக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாகியிருக்கலாம். வேறு எந்த நன்மையும் எனக்குப் புலப்படவில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு திட்டத்தின் அடிப்படையிலேயே இருந்தது. உதவி, கொடுத்த சம்பளத்தின் மீது கணக்கிடப்பட்டது. அந்த மாதச் சம்பளத்தை எல்லாத் தொழிலாளிக்கும் கொடுத்துவிட்டேன் என்று முதலாளி உறுதிமொழி கொடுத்துத்தான் ஈ.சி.ஆர். என்ற மாதாந்திரச் சம்பள, சந்தா விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உங்கள் வழிகாட்டுதல். மார்ச் 25 முதல் ஊரே பூட்டிக் கிடந்தது. இங்கே பல கம்பெனிகளில் பீஸ் ரேட், இல்லாவிட்டால் ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். தைத்தால்தான் காசு. ஏப்ரல் முழுக்க மிஷின் ஓடவில்லை. கையில் இருந்த ஆர்டரை வாங்க வேண்டியவர்கள் நிறுத்தி வைத்தார்கள்; அனுப்பிய சரக்குக்கும் பணம் வரவில்லை. இந்த நிலையில் சிறிய முதலாளி ஏப்ரல் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பார்? கொடுக்கவில்லை என்றால் சலானில் சம்பளம் பூஜ்யம். பூஜ்யத்தில் 24 சதவீதம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதாவது, சம்பளம் கொடுக்க முடிந்த கம்பெனிக்கு உதவி வந்தது. சம்பளம் கொடுக்க முடியாமல் முடங்கிய கம்பெனியின் தொழிலாளிக்கு, யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவருக்கு, வரவில்லை.

முழுச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டிருந்ததே என்று கேட்கலாம். போட்டது. மே 18 முதல் அந்த உத்தரவு இல்லாமல் போயிற்று. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. ரயிலேறி ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் போய்விட்ட தொழிலாளி யாரோடு உட்கார்ந்து பேசுவார்? உள்ளூர்க்காரருக்கே அது நடக்கவில்லை.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. வழியாக இருந்த வேலையிழப்பு உதவி, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018இல் தொடங்கியபோது சராசரி வருமானத்தில் 25 சதவீதம், 90 நாள் வரை. 2020 ஆகஸ்டில் அதை 50 சதவீதமாக உயர்த்தி, மார்ச் 24 முதலே பொருந்தும் என்றீர்கள். முதலாளி வழியாக அனுப்ப வேண்டாம், தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றீர்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மொத்தக் கொரோனா கால விதிகளிலும் தொழிலாளியை நம்பி எழுதியது இந்த ஒன்றுதான். ஆனால் தகுதி? குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் (ஒரு சந்தா காலம் ஆறு மாதம்) 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் இன்னொரு 78 நாள். சீசனுக்கு ஒரு கம்பெனி மாறும் ஊரில், எல்லா முதலாளியும் எல்லா நாளையும் ஒழுங்காகக் காட்டியிருந்தால்தான் இது நிறைவேறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த உதவி வேலை இழந்தவருக்கு. ஏப்ரலில் எங்கள் ஊர்த் தொழிலாளி வேலை இழந்தவரா? யாரும் அவரை நீக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, "கம்பெனி தொறந்ததும் கூப்பிடுறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் இல்லை, அதனால் 24 சதவீதம் கிடையாது. வேலை இருக்கிறது, அதனால் வேலையிழப்பு உதவியும் கிடையாது. இரண்டு திட்டங்களுக்கு நடுவில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களிடமே கணக்கு இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் சம்பளம் காட்டி, ஏப்ரலில் பூஜ்யம் காட்டப்பட்ட, அல்லது சலானிலேயே இல்லாத யு.ஏ.என்.களை எடுத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலை வெளியிட்டால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதே இல்லை.

அப்படியானால் தொழிலாளியின் கையில் கிடைத்ததுதான் என்ன? பி.எஃப். இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாதச் சம்பளம், எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தினீர்கள். மே முதல் ஜூலை வரை சந்தாவை 12இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தீர்கள். முன்பணம் அவருடைய சொந்தச் சேமிப்பு. சந்தாக் குறைப்பில் முதலாளி கட்டாமல் விட்ட இரண்டு சதவீதமும் அவருக்குச் சேர வேண்டியதுதான். அவசரத்துக்கு உதவியது உண்மை, பலர் அந்தப் பணத்தில்தான் வாடகை கட்டினார்கள். ஆனால் அதை அரசு கொடுத்த நிவாரணம் என்று வரிசைப்படுத்துவதை ஏற்க முடியவில்லை. அதை எடுப்பதற்கும் ஆதாரில் இனிஷியல் முன்னால், பி.எஃப்.இல் பின்னால் என்று எத்தனை விண்ணப்பங்கள் திரும்பி வந்தன! தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இந்த இனிஷியல் ஒரு தீராத வியாதி. அதைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

20 பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டுகளைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று கேட்பீர்கள். அவர்களுக்கு பி.எஃப். சட்டமே பொருந்தாது. விதி வராத இடத்தில் விதியைப் பற்றி என்ன எழுதுவது.

2020 அக்டோபர் 1 முதல் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனா வந்தது. இது புதிதாக வேலைக்கு எடுப்பவர்களுக்கான உதவி. செப்டம்பர் 2020 சலானில் இருந்த எண்ணிக்கைதான் அடிப்படை. அது 50 வரை இருந்தால் குறைந்தது இரண்டு பேரையும், அதற்கு மேல் என்றால் ஐந்து பேரையும் கூடுதலாக எடுக்க வேண்டும். இரண்டு முதலாளிகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, செப்டம்பருக்குள் தன் பழைய ஆட்கள் அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். இன்னொருவர் பாதிப் பேரோடு செப்டம்பரை ஓட்டிவிட்டு அக்டோபரில் மீதியைச் சேர்த்தார். உங்கள் விதிப்படி இரண்டாமவருக்கு இரண்டு வருட உதவி. முதலாமவருக்கு ஒன்றுமில்லை. தொழிலாளி பக்கமும் இதே கதை: ஊருக்குப் போய் செப்டம்பரில் திரும்பி வந்தவர் தகுதி இல்லாதவர், அக்டோபரில் வந்தவர் தகுதியானவர்.

தேதி வைக்காமல் திட்டம் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தேதியைத் திருத்த முடியும். பிரிட்டன் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கொடுத்த திட்டத்தில், பிப்ரவரி 28 அன்று ஊதியப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று முதலில் அறிவித்தார்கள். வேலை மாறியவர்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று குரல் எழுந்ததும் ஏப்ரல் நடுவில் அதை மார்ச் 19 ஆக்கினார்கள். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேல். வேலை நேரம் குறைந்தால் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளைகள் இருந்தால் 67 சதவீதம் என்று அவர்களுக்கு முன்பே சட்டம் இருந்தது. கொரோனா வந்ததும் நுழைவு வரம்பை மட்டும் தளர்த்தினார்கள்: நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர்கள் பாதிக்கப்பட வேண்டும் என்பதைப் பத்தில் ஒரு பங்கு ஆக்கினார்கள். அவர்கள் அளவுக்குப் பணம் நம்மிடம் இல்லை என்பீர்கள். இல்லைதான். நான் தொகையைக் கேட்கவே இல்லை. 4,860 கோடியையே வேறு வாசல் வழியாகக் கொடுத்திருக்கலாம் என்கிறேன்.

நாம் என்ன பாடம் எடுத்துக்கொண்டோம் என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, பெருந்தொற்றோ தேசியப் பேரிடரோ வந்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சந்தாவை ஒரு முறைக்கு மூன்று மாதம் வரை தள்ளிவைக்கவோ குறைக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. சந்தாவைக் குறைக்கும் அதிகாரத்தைச் சட்டமாக்கிவிட்டோம். சம்பளம் நின்றுபோனவருக்கு என்ன கொடுப்பது என்பதை எழுதவில்லை. புதிதாக வேலைக்கு எடுப்பவர்களுக்காக 2025 ஆகஸ்ட் 1இல் தொடங்கிய விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவிலோ அதே இரண்டு பேர், ஐந்து பேர், அதே 50 என்ற கோடு. பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதுபோல இருக்கிறது. அடுத்த பெருந்தொற்றில் 100 பேர், 90 சதவீதம் என்ற கோடும் இப்படியே எழுந்து வரும் என்று நான் பயப்படுவதில் தவறு உண்டா?

நான் கேட்பது இதுதான். சம்பள உதவிக்கான தகுதியைத் தொழிலாளியை வைத்து முடிவு செய்யுங்கள். 15,000க்குக் குறைவாக வாங்குகிறாரா, கடந்த சில மாதங்களில் அவர் பெயரில் சந்தா வந்திருக்கிறதா, இந்த மாதம் சம்பளம் குறைந்ததா, நின்றதா? இந்த மூன்றும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. கம்பெனியின் அளவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், 100 தாண்டினால் உதவி விகிதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். ஒரே ஆளில் அறுந்துபோக வேண்டாம். சம்பளம் பூஜ்யமான மாதத்துக்கு, முந்தைய மாதங்களின் சராசரியில் ஒரு பங்கை யு.ஏ.என்.உடன் இணைந்த வங்கிக் கணக்கில் நேராகப் போடுங்கள். முதலாளி ஈ.சி.ஆர். போடாவிட்டாலும் தொழிலாளியே, செல்போனிலிருந்து, "இந்த மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை" என்று பதிவு செய்ய ஒரு வழி வேண்டும். வேலையை விட்ட தேதியைத் தொழிலாளியே பதியும் வசதியை 2020 தொடக்கத்திலேயே கொடுத்தவர்கள் நீங்கள். அதற்கும் கடைசிச் சந்தாவுக்குப் பின் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பேரிடர் காலத்தில் தளர்த்தினால் போதும்.

ஏமாற்றுவார்களே என்றால், ஏமாற்றுவார்கள். இப்போதும் செய்கிறார்கள். அதற்குப் பின்னால் தணிக்கை செய்து வசூலிக்கலாம். ஏப்ரல் மாத வாடகையைப் பின்னால் கொடுக்க முடியாது.

இதையெல்லாம் இப்போதே வரைவு விதியாக எழுதி, தமிழ் உட்பட மாநில மொழிகளில் வெளியிட்டு, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுங்கள். அறங்காவலர் குழுவில் உட்கார்ந்திருக்கும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் முதலாளிகள் தரப்பும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விதி எப்படி வேலை செய்யும் என்று 40 பேர் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் சலானை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், பெயர்களை நீக்கிவிட்டு மாதிரிக் கணக்குத் தயாரித்துத் தர என்னைப் போன்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் பார்ப்பவன்,
திருப்பூர்.