மதிலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூதரகங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மதிலின் உயரமும் கண்ணாடியின் தடிமனும் கணக்கில் வருகின்றன. மதிலுக்கு வெளியே சாலையோரம் காத்து நிற்பவர்கள் வருவதில்லை. ஆந்திராவின் நகரி, புத்தூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐதராபாத்தைவிடச் சென்னையே அருகில் என்பதால், பிள்ளைகளின் மேற்படிப்பு விசாவுக்காக விடியுமுன் புறப்பட்டு அங்குள்ள துணைத் தூதரகங்களுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. நேர்காணலுக்கு உள்ளே செல்வது பிள்ளை மட்டுமே. துணைக்கு வந்த பெற்றோர் கைப்பேசியும் பையுமாக நடைபாதையில் நிற்கிறார்கள்.

1959-இல் திறக்கப்பட்ட புதுதில்லி அமெரிக்கத் தூதரகத்தை வடிவமைத்த எட்வர்ட் டியூரல் ஸ்டோன், நம் வெயிலை மனத்தில் கொண்டு, துளைகளிட்ட திரைச்சுவரும் நடுவே நீர்த்தடாகமும் அமைத்தார். 1983-இல் லெபனானின் பெய்ரூட்டில் அமெரிக்கத் தூதரகம் தகர்க்கப்பட்டபின், அப்படித் திறந்த அமைப்பில் கட்டும் காலம் மலையேறிவிட்டது. தெருவிலிருந்து 100 அடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும் என்ற பரிந்துரை 1985-இலேயே வந்தும், கென்யாவின் நைரோபியிலிருந்த அமெரிக்கத் தூதரகம் நகரின் நெரிசலான சந்திப்பிலேயே இருந்தது. 1998 ஆகஸ்ட் 7 அன்று அங்கு நடந்த குண்டுவெடிப்பில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் அமெரிக்கர்கள் 12 பேர், மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கென்ய மக்கள். இடிந்து விழுந்தது பக்கத்துக் கட்டடம். மறு ஆண்டே 100 அடி இடைவெளி அமெரிக்காவில் சட்டமாயிற்று.

இடைவெளியை நான் குறை கூறவில்லை. தூரம் கூடக் கூட வெடிப்பின் வேகம் சட்டென்று குறையும். அதற்கு ஈடான கண்ணாடி இல்லை. ஆனால் அந்த 100 அடியையும் புல்வெளியாக விட்டுவிட்டு, வந்தவர்களை மதிலுக்கு வெளியே வரிசையில் நிறுத்தினால், நைரோபியில் யார் இறந்தார்களோ அதே இடத்தில்தான் மீண்டும் பொதுமக்களை நிறுத்துகிறோம். முதன்மைக் கட்டடத்திலிருந்து விலகி, வெளிச்சுற்றுக்கு உள்ளேயே, சோதனைக் கூடத்தோடு சேர்ந்த நிழற்கூடம் ஒன்றைக் கட்டலாம்; கைப்பேசிக்குப் பெட்டகமும் குடிநீரும் கழிப்பறையும் அதிலேயே அடங்கும். வாகனம் ஏற முடியாதபடி சாலை விளிம்பில் உறுதியான குறுந்தூண்களை நட்டால் நடைபாதையில் செல்வோருக்கும் அதே காப்பு கிடைக்கும்.

வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, 2018-இல் இலண்டன் நைன் எல்ம்ஸில் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகம் புதுமையாகத் தோன்றாது. அங்கே குளமும் பூங்காவுமே மதிலின் வேலையைச் செய்கின்றன. அப்படியும் சிலர் அதைக் கோட்டை என்றே கேலி செய்தார்கள் என்பது வேறு செய்தி.

சாலைத் தடுப்புகளையும் சொல்ல வேண்டும். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின்படி தூதரகத்தைக் காப்பது அது அமைந்துள்ள நாட்டின் கடமை. ஆயினும் 2013 டிசம்பரில், நியூயார்க்கில் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் கைது செய்யப்பட்டதை அடுத்து, தில்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த தடுப்புகள் ஒரே நாளில் அகற்றப்பட்டன. அவை பாதுகாப்புக்காக இருந்தனவா, மரியாதைக்காக இருந்தனவா என்ற ஐயம் அன்று எனக்கு எழுந்தது.

எனவே, புதிய துணைத் தூதரகங்களுக்கு நிலமும் கட்டட அனுமதியும் வழங்கும்போது, வருவோர் காத்திருக்கும் இடத்தை வரைபடத்தில் வளாகத்துக்குள்ளேயே காட்ட வேண்டும் என்று மாநில அரசுகள் நிபந்தனை விதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நகரி