அந்தக் கன்று கரோலினே அல்ல

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலை, உடம்பு என்று எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று தொண்டையில் முள்ளாக நின்றது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும் என்று நாளைக் கடத்தினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? மூர்த்தி அண்ணனுக்கு இரண்டாவது பேத்தி பிறந்த செய்தி உனக்கும் வந்திருக்கும். இங்கே எல்லோரும் நலம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்குத் தாவரவியல் சொல்லித்தந்த ஐயா கடைசியாக அனுப்பிய பெட்டி உனக்கு நினைவிருக்கும். ஆறு வருடம் ஆகிறது. ஈரப் பாசியில் சுற்றிய பன்னிரண்டு நியோரெகேலியா கன்றுகள், அன்னாசிக் குடும்பத்தில் இலைகளைக் கிண்ணமாக்கி நீர் தேக்கும் நம் செடிகள். நான் பெட்டியைத் திறந்தபோது பெயர்ச் சீட்டுகள் எல்லாம் கழன்று அடியில் கிடந்தன. ஐயா பென்சிலால்தான் எழுதுவார், ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. எந்தச் சீட்டு எந்தக் கன்றுக்கு என்பதுதான் போய்விட்டது. நிழலில் வளர்ந்த நியோரெகேலியா கன்றுகளைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, எல்லாம் ஒரே பச்சை. ஐயா அப்போது மருத்துவமனையில் இருந்தார். அவரிடம் போய் இதைக் கேட்பதா என்று தயங்கினேன். இலையின் அகலத்தையும் நுனியையும் பார்த்து நானே பிரித்தேன். ஏழு கன்றுகளை ஒரு பக்கம் வைத்து, "நியோரெகேலியா கரோலினே" என்று என் கையால் எழுதிக் குத்தினேன். அதே வாரத்தில் ஆறைக் கொடுத்தும் விட்டேன். ஒன்று உனக்கு வந்தது, ஒன்று செல்விக்குப் போனது.

என்னிடம் தங்கியது இத்தனை வருடமும் அடர்ந்த நிழலில் பூக்காமலே கிடந்தது. சென்ற வருடம்தான் அதை வெளிச்சத்துக்கு மாற்றினேன். உன் கடிதம் வந்த அதே வாரம் பூக்கத் தொடங்கியது. கரோலினே பூக்கும்போது நடு இலைகள் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போலச் சிவக்கும். இதிலோ ஊதா கசிந்தது. முதல் நாள் வெளிச்சத்தின் குற்றம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலை விளிம்பில் முட்கள் கறுப்பாக, ஒழுங்கான இடைவெளியில் இருந்தன. இலைப்பரப்பில் மை தெளித்தது போலக் கரும்புள்ளிகள். கிண்ணத்து நீருக்கு மேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மூன்று நீலப் பூக்கள். கான்சென்ட்ரிகா என்ற இன்னொரு சிற்றினத்தின் சாயல் அது. ஆனால் கான்சென்ட்ரிகா என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை, அதற்கு இலை அகலம் போதாது. ஏதோ ஒரு கலப்பு. தாய் யார், தந்தை யார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான், அதே குடும்பத்துச் செடி ஒன்றின் பேரினப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று நீ எழுதிய கோபக் கடிதம் கையில் இருந்தது. "விரீசியா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று படித்தோம், தேர்வு எழுதினோம், முப்பது வருடம் சொன்னோம். இப்போது லூத்தேரியாவாம். என் சீட்டை மாற்ற மாட்டேன், யார் வந்து கேட்கிறார்கள் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு என் சீட்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து உன்னோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன், கிண்ணத்துக்காரியே. இப்போது நேராகவே கேள்.

உன் ஸ்ப்ளெண்டென்ஸ் செடிக்கு இந்த மாற்றம் புதிதல்ல. பிராங்னியார் அதை முதலில் விவரித்தபோது டில்லாண்ட்சியா என்றார். பிறகு லெமேர் அதை விரீசியாவுக்குக் கொண்டுபோனார். 2016-இல் பார்ஃபுஸும் அவருடைய கூட்டாளிகளும் டில்லாண்ட்சியா துணைக்குடும்பம் முழுவதையும் திருத்தி வெளியிட்டபோது லூத்தேரியா ஆனது. வீடு இரண்டு முறை மாறியும் ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற பெயர் அதை விட்டுப் போகவில்லை. பிராங்னியாரின் பெயரும் அடைப்புக்குறிக்குள் கூடவே வருகிறது. நமக்குப் பிடித்த ஏக்மியா ஃபாசியாட்டாவும் அப்படித்தான். 1828-இல் லிண்ட்லி அதை பில்பெர்ஜியா என்றார், 1879-இல் பேக்கர் ஏக்மியாவில் சேர்த்தார், இன்றும் பெயருக்குப் பின்னால் லிண்ட்லி அடைப்புக்குறியில் நிற்கிறார். அந்த அடைப்புக்குறியை நாம் மனப்பாடம் செய்யத்தான் கற்றோம். அது எதற்காக இருக்கிறது என்பது எனக்கு இந்த நான்கு மாதத்தில்தான் உறைத்தது. வந்த வழியை யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக. எந்தப் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதே செடியிடம் வந்து சேரலாம்.

லூத்தேரியா என்ற பெயருக்கு உரியவரையும் நினைத்துப் பார். ஹாரி லூத்தர், ஃப்ளோரிடாவின் செல்பி தாவரவியல் பூங்காவில் இருந்தவர். அன்னாசிக் குடும்பச் செடிகளான புரோமிலியாட்களின் பெயர்களை அகரவரிசைப் பட்டியலாகத் தொகுத்துத் தொகுத்துத் திருத்தியதே அவருடைய பெரிய பணி. 2012-இல் காலமானார். நான்கு வருடம் கழித்து, தீவாள் போலப் பூந்தண்டு நீட்டும் அந்தச் செடி அவர் பெயரில் வந்து நின்றது. உன் சீட்டில் அந்தப் பெயரை எழுத உனக்கு மனம் வராதா?

ஏன் பிரித்தார்கள் என்று கேட்டாய். செதில் கதைதான். டில்லாண்ட்சியாவுக்கும் விரீசியாவுக்கும் வித்தியாசம் என்ன என்று ஐயா கேட்டால் மூன்றாவது பெஞ்சிலிருந்து நீதான் முதலில் கத்துவாய்: "இதழின் அடியில் செதில் இருந்தால் விரீசியா, இல்லாவிட்டால் டில்லாண்ட்சியா!" போன மாதம் என் விரீசியா ஒன்றின் பூவை மறுபடி பிளந்து பார்த்தேன். பிளேடால் இதழை நீளவாக்கில் வகுந்து, உட்புறத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால், அடிப்பகுதியில் இரண்டு சின்ன நாக்குகள். நகத்தின் ஓரத்தில் உரிந்த தோல் அளவுதான் இருக்கும். காய்ந்தால் இதழோடு ஒட்டிக் கூழாகிவிடும். உலர்தாவரத் தாளில் அதைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று உனக்கே தெரியும். இந்த நாக்குகளை நம்பித்தான் நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. மரபணுவைப் படித்தபோது என்ன தெரிந்தது? வெவ்வேறு கிளைகளில் அந்தச் செதில் தனித்தனியாகத் தோன்றியும் மறைந்தும் இருக்கிறது. செதில் இருப்பதால் மட்டும் இரண்டு செடிகள் உடன்பிறப்பு ஆகிவிடாது.

இதில் லைமன் ஸ்மித்தையும் டவுன்ஸையும் நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேச மாட்டேன். அன்னாசிக் குடும்பத்தைப் பற்றி 1974, 1977, 1979 என்று மூன்று பாகங்களாக வந்த அவர்களுடைய பெரும் தொகுப்பு இல்லையென்றால் திருத்துவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. சிறகு வைத்த விதை, பஞ்சு வைத்த விதை, சதைக்கனி என்று மூன்று துணைக்குடும்பங்கள், எவ்வளவு அழகாக மனதில் உட்கார்ந்தன! 2007-இல் கிவ்னிஷ் குழுவினர் அதை எட்டாக்கினார்கள். பஞ்சு விதைக் கூட்டமும் கனிக் கூட்டமும் அப்படியே நின்றன. சிறகு விதைக் கூட்டம் மட்டும் ஆறாக உடைந்தது. கண்ணால் பார்த்து வகுத்தவர் மூன்றில் இரண்டைச் சரியாகப் பிடித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

நம் மொழியிலும் கண் இப்படித்தான் வேலை செய்திருக்கிறது. அன்னாசி வந்து இறங்கியதும் முள் விளிம்பு இலையைப் பார்த்து "பறங்கித்தாழை" என்று பெயர் வைத்தார்கள். தாழைக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் செடி கண்முன் நிற்கிறது. போர்த்துகீசியர் வழியாக வந்த அன்னாசி என்ற சொல்லோ தென் அமெரிக்கப் பழங்குடி மொழியின் ஒலியை இன்னும் வைத்திருக்கிறது. லின்னேயஸ் அதை 1753-இல் புரோமிலியாவில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் அனானாஸ் என்ற அந்தப் பழைய ஒலியையே பேரினத்தின் பெயராக ஏற்றார்கள். இதை எழுதும்போதே மனம் நிறைகிறது.

நியோரெகேலியா என்ற பெயரே ஒரு திருத்தம்தான், தெரியுமா? லிண்ட்மன் முதலில் ரெகேலியா என்று வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் நாவல் குடும்பத்துச் செடி ஒன்றிடம் இருந்தது. ஒரே பெயர் இரண்டு பேரினங்களுக்கு இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே 1934-இல் ஸ்மித் முன்னால் "நியோ" சேர்த்தார். விதி கறாராக இருந்ததால்தான் ரெகல் என்ற அந்தத் தாவரவியலாளரின் பெயர் இரண்டு இடத்திலும் குழப்பமின்றிப் பிழைத்தது.

இப்போது என் சீட்டுக்கு வருகிறேன். அறிஞர்கள் பெயரை மாற்றினால் செடியின் வரலாறு கூடுகிறது. நான் ஊகத்தில் ஒரு பெயரை எழுதியபோது அது அறுந்துபோனது. அடைப்புக்குறி இல்லை, மாதிரித்தாள் இல்லை, பின்னால் நடந்து போக வழி இல்லை. "பெயர் தெரியாது" என்று எழுதியிருந்தால் யாராவது தேடியிருப்பார்கள். பெயர் இருந்ததால் யாரும் தேடவில்லை.

செல்விதான் என்னை உலுக்கிவிட்டாள். அவளுடைய கன்று நான் கொடுத்த இரண்டாம் வருடமே பூத்திருக்கிறது. அதன் மகரந்தத்தை எடுத்து வேறொரு நியோரெகேலியாவில் வைத்து, விதைத்து, நூறு நாற்றுகளை வளர்த்து, மூன்று வருடம் கழித்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அடர் ஊதாவில் வெளிறிய குறுக்குப் பட்டை, பார்க்கப் பார்க்க அலுக்காத செடி. அதற்கு ரகப் பெயர் வைத்துப் பதிவு செய்யப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ரகப் பெயர் என்றால் ஒற்றை மேற்கோள் குறிக்குள், லத்தீன் அல்லாத சொல்லாக இருக்க வேண்டும். 1959 தொடக்கத்திலிருந்து புதிய ரகங்களுக்கு லத்தீன் கூடாது. பெயர் ஒரு முறை பதிவாகிவிட்டால் அந்தச் செடியின் கன்றுகளுக்கு மட்டுமே அது சொந்தம், விதையில் வந்த தம்பி தங்கைகளுக்கு இல்லை. இதையெல்லாம் அவள் சரியாகவே செய்திருந்தாள். "தந்தை" என்ற கட்டத்தில் "நி. கரோலினே" என்று எழுதி வைத்திருந்தாள்.

தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "அக்கா, பூத்தபோதே முள் கறுப்பாக இருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் சீட்டில் உங்கள் கையெழுத்து இருந்ததே." வாசுகி, தன் கண் பார்த்ததை விட்டு என் எழுத்தை நம்பியிருக்கிறாள் அந்தப் பெண். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

பதிவு நின்றுபோகாது. தந்தை தெரியாது என்று எழுதியும் பதிவு செய்யலாம், பட்டியலில் அப்படிப் பல ரகங்கள் உண்டு. அப்படியே செய்வதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த நூறு நாற்றுகளில் மீதி எங்கெங்கே போயின, எந்தச் சீட்டோடு போயின என்று அவளும் நானும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை முப்பத்தொன்று கிடைத்திருக்கின்றன. ஏழு கன்றுகளில் ஐந்தின் சீட்டை மாற்றியாகிவிட்டது. ஒன்றை வாங்கியவர் தோட்டத்தையே கலைத்துவிட்டார்.

மிச்சம் உன்னுடையது. உன் செடி இப்போது மூன்றாம் தலைமுறைக் கன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். காலை வெளிச்சத்தில் இலை விளிம்பைப் பார். முள் கறுப்பா, பச்சையா? அடுத்த முறை பூக்கும்போது நடு இலை எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று தேதி போட்டு எழுதி வை. இலையின் அகலத்தை அதன் நடுவில் அளந்து அனுப்பு. அதிலிருந்து நீ யார் யாருக்குக் கன்று கொடுத்தாய் என்பது எனக்குக் கட்டாயம் வேண்டும். உன் மைத்துனிக்கு ஒன்று கொடுத்ததாக ஒருமுறை எழுதியிருந்தாய்.

என் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிடாதே. புதிதாக ஒன்று எழுது: "நியோரெகேலியா, கலப்பு, பெற்றோர் தெரியாது, ஐயாவின் தொகுப்பிலிருந்து வந்தது." பென்சிலால் எழுது. பழையதை அதற்குப் பின்னால் குத்தி வை.

லூத்தேரியாவைப் பற்றி நீ இன்னும் சண்டை போடலாம். பதிலை இந்த முறை நான்கு மாதம் காக்க வைக்க மாட்டேன்.

அன்புடன்,
கற்பகம்