அம்மு, பேரைப் போட்டு வை

அம்முக்கு,

சாப்டியா? இங்க மழைதான், அயர்லாந்துல இந்த கேவன்ல வேற என்ன இருக்கப் போகுது. போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிடுவ, அதான் எழுதறேன். உன் ஃப்ரெண்டோட குறும்படத்துக்கு நீ போட்ட மியூசிக், ஆனா டைட்டில்ல உன் பேரே இல்லையாமே, அம்மா சொன்னா. கேட்டதுல இருந்து எனக்கு அந்தக் காலத்து ஐரிஷ் பாட்டுக்காரர் பெர்சி ஃப்ரெஞ்ச் ஞாபகம்தான்.

நம்ம கேவன்ல பேலிஜேம்ஸ்டஃப் ஊர்ல பெஞ்ச்ல உக்காந்திருக்காரே ஒரு வெண்கல ஆளு, அவரேதான். காலேஜ்ல படிக்கும்போது, 1877ல, அப்துல் அபுல்புல் அமீர்னு ஒரு காமெடி பாட்டு எழுதி 5 பவுண்டு செலவுல அச்சடிச்சாரு, காப்பிரைட் மட்டும் பதிவு பண்ணல. வேற எவனோ அவர் பேரே இல்லாம போட்டு வித்தான், பாட்டு ஊரு உலகமெல்லாம் சுத்துச்சு, இவருக்கு ஒண்ணும் வரல. அப்புறம் இஞ்சினியரா இதே கேவன் பக்கம்தான் வேலை, வயக்காட்டு வடிகாலைப் பாத்துட்டு வர்ற இன்ஸ்பெக்டர், ஆனா கையில எப்பவும் பெயிண்ட் பாக்ஸ் இருக்குமாம். அவரோட வாட்டர்கலர் பாத்தா உனக்கே புரியும், முக்கால்வாசி வானம்தான், கீழ கொஞ்சூண்டு சதுப்பு நிலம், நடுவுல தேங்கின தண்ணில அந்த வெளிச்சம் லேசா விழுந்திருக்கும், நம்ம ஜன்னல்ல தெரியறதேதான். மேடையில பாட்டுக்கு நடுவுல சாக்கட்டியில ஒரு படம் போடுவாராம், அதைத் தலைகீழா திருப்பினா வேற படமா இருக்கும், கூட்டம் அலறும். மெழுகுவத்திப் புகையில தட்டு மேல கூட படம் வரைஞ்சிருக்காரு, இதெல்லாம் யாருக்குடி தோணும்.

1896ல கிளேர் பக்கம் கில்கீங்கற கடலோர ஊர்ல கச்சேரி, வெஸ்ட் கிளேர் ரயில் மணிக்கணக்கா லேட்டு, இவர் போய் சேர்றதுக்குள்ள பாதிக் கூட்டம் கெளம்பிடுச்சு. ரயில் கம்பெனி மேல கேஸ் போட்டு 10 பவுண்டு வாங்கினாரு, அதோட விட்டாரா, அந்த ரயிலைக் கிண்டல் பண்ணி பாட்டே கட்டிட்டாரு. 1961ல ரயிலை மூடிட்டாங்க, பாட்டு இன்னும் ஓடுது.

ஆனா 1920ல அவர் போனப்புறம் எல்லாம் தானா நிக்கல, அதைத்தான் சொல்ல வர்றேன். அவரோட தங்கச்சி 1922லயே அவர் எழுதினதைத் தொகுத்து புக்கா கொண்டு வந்தாங்க. எட்டி, ஜோன்னு அவரோட ரெண்டு பொண்ணுங்க அப்பாவோட கடுதாசி, படம்னு பத்திரமா வச்சிருந்தாங்க, ரெண்டு பேரும் ரொம்ப வயசு வரைக்கும் இருந்தாங்க, நல்லவேளை. டப்ளின்ல கால்வாய் ஓரம் அவர் பேர்ல ஒரு பெஞ்ச் இருக்கு, அதுல அவர் வரியே செதுக்கியிருக்கு, என்னை நினைச்சுக்கோங்க, அது கஷ்டமா இருந்தா மறந்துடுங்கங்கற மாதிரி. அவர் ஜாலியா சொல்லிட்டுப் போயிட்டாரு, தூக்கி சுமந்ததெல்லாம் வீட்டுப் பொம்பளைங்க.

அதனால நீ அந்தப் பையன்கிட்ட பேசி பேரைப் போட வை, சண்டையெல்லாம் வேணாம், மெயில்ல கேளு, எழுத்துல இருக்கட்டும். பழைய ட்யூன் ஃபைலுக்கெல்லாம் பேரும் தேதியும் போட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்பு, நான் தனி ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைக்கறேன். நீ டென்த் படிக்கும்போது போட்ட அந்த யானை ட்யூன் இருக்கா இல்ல அழிச்சிட்டியா? லீவுக்கு வந்தா வட அயர்லாந்துல இருக்கற பேங்கர் மியூசியம் போலாம், அவர் சாமான் நிறைய அங்க இருக்கு, நீ இங்க வர்ற டிக்கெட்டை மட்டும் இப்பவே போட்டுடு, ஜூன் தாண்டினா விலை ஏத்திடுவான்.

அப்பா