மன்னிப்பு சரி, சீட்டுப் பணம் எங்கே?

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரச் சபைகளின் போதகர் ஐயாமாருக்கும் மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம். இரட்சிப்பின் நிச்சயத்தை, அதாவது மீட்கப்பட்டவர் அதை இழந்துபோவதில்லை என்பதை, நீங்கள் பிரசங்கிப்பதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. என் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு சொன்னதை (யோவான் 10:28) நம்பித்தான் நானும் ராத்திரி நிம்மதியாகப் படுக்கிறேன். ஆனால் பிரசங்கம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறதே, அதுதான் என் வழக்கு.

எங்கள் சபையில் மூப்பர் ஒருவர் சீட்டு நடத்தினார். விசுவாசிதானே, ஏமாற்றமாட்டார் என்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்களும் சேர்ந்தார்கள். பலர் சபைக்கு வெளியே உள்ளவர்கள். சீட்டு பாதியில் நின்றது. ஆள் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. பிறகு ஓர் உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அழுது, கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினோம். அடுத்த திருவிருந்தில் அப்பத் தட்டு அவர் கையில். பேத்தி சடங்குக்கென்று சீட்டுக் கட்டிய பூக்காரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க சாமி அவரை மன்னிச்சிருச்சாம்ல? என் பணத்தையும் சேர்த்தா மன்னிச்சுச்சு?"

நான் என்ன பதில் சொல்ல?

உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் கொல்லவைத்த தாவீது ராஜாவின் கதையை எடுங்கள். கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார், நீ சாவதில்லை என்று தீர்க்கதரிசி நாத்தான் அவரிடம் சொல்கிறார் (2 சாமுவேல் 12:13). நாம் அங்கே அல்லேலூயா போட்டு வேதத்தை மூடிவிடுகிறோம். அடுத்த வசனத்திலேயே, கர்த்தருடைய சத்துருக்கள் தூஷிக்க நீ காரணமானாய், பிள்ளை சாகும் என்று வருகிறது. ஏழாம் நாளில் பிள்ளை செத்தது. பிறகு அம்னோன், அப்சலோம் என்று மகன்களும் கொலையுண்டு, பட்டயம் அந்த வீட்டைவிட்டு விலகவேயில்லை. கர்த்தருக்குக் கீழ்ப்படியாமல் போன மோசேயும், வாக்குப்பண்ணப்பட்ட கானான் தேசத்தை நேபோ மலையிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை. ஆனால் பிற்காலத்தில் இயேசுவின் முகம் பிரகாசித்த மறுரூப மலையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் அதே மோசேதான். தேவனுடைய பிள்ளை என்ற உரிமை போகவில்லை. செய்ததன் விளைவும் போகவில்லை.

இதைச் சொன்னதும் சிலர் ஆஸ்பத்திரி வார்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், கட்டிலில் கிடப்பவரிடம் மறைத்த பாவம் என்ன என்று துருவ. தயவுசெய்து வேண்டாம். பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் இப்படிக் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார் இயேசு. வியாதிக்காரரைத் துருவுகிற நாம், பணம் போன இடம் ஊருக்கே தெரிந்த பாவத்தில் வாய் திறப்பதில்லை.

கிரியையினால், அதாவது நற்செயலால், இரட்சிப்பு என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அநியாயமாய்ப் பணம் வாங்கிய வரிவசூல்காரன் சகேயு பணத்தைத் திருப்பிக் கொடுத்து இயேசுவை வீட்டுக்கு வரவழைக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் எழுந்து நின்று நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். மோசேயின் நியாயப்பிரமாணமோ முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது. நாங்கள் முதலை மட்டுமாவது கேட்கிறோம், தவணையில் கொடுத்தாலும் சரி. மூப்பர்கள் இரண்டு பேர் அவரை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போங்கள். கட்டிய பணத்துக்குக் கணக்கு நோட்டு அந்தப் பெண்களிடம் இருக்கிறது. கணக்குத் தீரும்வரை அப்பத் தட்டை வேறொருவர் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினள் ஒருத்தி,
மதுரை