எஸ்டீம் ஓடுகிறது, மாப்ள

மண்டபம்
10 ஆகஸ்ட் 2025

மாப்ள,

திட்டி முடித்துவிட்டாயா? சரி, இப்போது படி.

பதினோரு மாதம். நீ மூன்று தடவை போன் அடித்தாய், நான் எடுக்கவில்லை. "அவனுக்கு என்னடா அவ்வளவு தலைக்கனம்" என்று குண்டூசியிடம் கேட்டாய். அவன் அன்று ராத்திரியே வந்து ஒரு எழுத்து விடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டான், நீ சேர்த்துச் சொன்ன அந்த இன்னொரு வார்த்தை உட்பட. தலைக்கனமெல்லாம் இல்லை. காரணம் வேறு, பிறகு வருகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பெரியவள் பிள்ளையோடு ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போனாள். சின்னவள் சென்னையிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். ஐஸ் கம்பெனிக்கு மார்ச்சோடு முழுக்குப் போட்டாச்சு. பாம்பன் புதுப் பாலத்தில் ஏப்ரலிலிருந்து ரயில் போகிறது. நடுவிலுள்ள தூக்குப்பாலம் மட்டும் 72 மீட்டருக்கு மேல் நீளம், அது அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறுகிறது. மாமா மட்டும் இன்னும் 1914 பாலத்தைத்தான் பாலம் என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாருதி எஸ்டீம் கார் ஓடுகிறது!

கீழக்கரைக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததே, அதே 1997 கார்பரேட்டர் மாடல்தான். "இதுக்கு அந்தக் கோழிய வாங்கியிருக்கலாம்" என்று நீ சொன்னாய். ஓட்டுவதற்கு மட்டும் அதை வாங்கவில்லை என்று உனக்குத் தெரியும். சோழவரம் ஓடுபாதை ஓரத்தில் வெயிலில் காய்ந்துகொண்டு ரேஸ் பார்த்தோமே, அன்று பிடித்த கிறுக்கு. ஒரு இன்ஜினையாவது இறக்கி, என் கையாலேயே பிரித்து, வேகத்துக்கென்றே திரும்பக் கட்ட வேண்டும். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் பார்த்தவனுக்கு இன்ஜின் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மாப்ள, வித்தைதான்.

1298 சிசி, 65 குதிரை. போரை, அதாவது சிலிண்டர் துளையை, அரை மில்லி பெரிதாக்கி 74 மில்லியை 74.5 ஆக்கினேன். கணக்குப் போட்டுப் பார், நாலு சிலிண்டரும் சேர்ந்து கூடுவது 18 சிசிதான். ஒரு வேளை இருமல் மருந்து. தேய்ந்த போரை நேராக்கத்தான் அந்த வேலை. சக்தி வேண்டுமென்றால் கம்ப்ரஷனிலும், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதிலும், சிலிண்டருக்கு மூடியான ஹெட்டிலும் கை வைக்க வேண்டும்.

லேத்துப் பட்டறைக்கு நான் போன நேரத்தைக் கேள், ஏப்ரல் கடைசி. 15-ஆம் தேதியே தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில், இன்ஜினெல்லாம் பட்டறையில். ஆள் உயர லேலண்ட் இன்ஜின்களுக்கு நடுவில், சிலிண்டர்கள் இருக்கிற என் பிளாக்கை இறக்கி வைத்தேன். பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, தையல் மிஷினா?" என்றார். ஜூன் 14 தாண்டித்தான் என் முறை வந்தது.

ஹோனிங், அதாவது போரின் உட்சுவரைக் கல்லால் தேய்க்கிற வேலை, முடிந்து வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டுமாம். மண்ணெண்ணெயில் கழுவினால் கல்தூள் அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கைத் தின்றுவிடும். நானும் கழுவினேன். வெள்ளைத் துணி விட்டுத் துடைத்து, அது வெள்ளையாகவே வெளியே வரும்வரை கழுவினேன். மணி பதினொன்று ஆகிவிட்டது. உள்ளேயிருந்து உன் தங்கச்சி கத்துகிறாள். எண்ணெயைக் காலையில் தடவிக்கொள்ளலாம் என்று பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

ராத்திரி முழுக்கக் கச்சான் காற்று. விடிந்து வேட்டியைத் தூக்கினால், சிலிண்டரின் உள்குழாயான லைனர் நாலிலும் மஞ்சள் பூத்திருக்கிறது. விரலால் தடவினேன், மிளகாய்ப்பொடி மாதிரி ஒட்டியது. பிளாக் அலுமினியம், அதற்கு ஒன்றுமில்லை. உள்ளே லைனர் இரும்பாயிற்றே. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே குடியிருந்துகொண்டு, ஜன்னல் கம்பிக்கு வருஷம் இரண்டு தடவை பெயிண்ட் அடிக்கிறவனுக்கு இது தெரிய வேண்டாமா? படகு டிரைவர் மாமா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கடலுக்குப் பக்கத்துல இரும்ப அம்மணமா விடுவாகளா மருமகனே?" திரும்பப் பட்டறை, திரும்ப லேசாக ஒரு ஹோனிங், திரும்பவும் "தையல் மிஷின் வந்துருச்சா?"

அடுத்தது ரிங். ஒவ்வொன்றையும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடு வைத்துப் பார்க்க வேண்டும். போர் ஒரு அங்குலம் என்றால் இடைவெளி நாலு தௌ என்று பழைய கணக்கு. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்மது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆக 0.30 மில்லி. எனக்கு 0.20-தான் இருந்தது. அப்படியே பூட்டினால் சூட்டில் ரிங் விரிந்து முனையும் முனையும் முட்டிப் போரைக் கீறிவிடும். அரத்தை வைத்து இரண்டு இழு, அள, திரும்ப ஒரு இழு, திரும்ப அள. பொறுமையில்லாதவன் என்று நீ சொல்லுவாயே, நாலு நாள் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள், மூன்றாவது பிஸ்டனை இறக்கும்போது கிளாம்பைச் சரியாக இறுக்காமல் சுத்தியல் பிடியால் ஒரு தட்டு. டக். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். ஒற்றை ரிங் எவனும் தருவதில்லை, செட்டாகத்தான் வாங்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டைக்குச் சொல்லி, வருவதற்கு ஆறு நாள்.

ஹெட்டில் இடம் அளந்ததை மட்டும் நீ பார்த்திருக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்கையும் வால்வையும் பூட்டி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ஊசி போடுகிற சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஏற்றி, சிசி சிசியாக இறக்கினேன். தகட்டுக்கு அடியில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டது. அதை ஓட்டைப் பக்கம் விரட்ட கால் மணி நேரம். பிஸ்டன் தலை, கேஸ்கெட் கனம் எல்லாம் சேர்த்து 39 சிசி வந்தது. அப்படியென்றால் கம்ப்ரஷன் 9.4. எனக்கு 10 வேண்டும், அதற்கு 36.5. ஹெட்டை 0.6 மில்லி சீவினேன். சீவினதில் வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, பேத்தி விட்டுப்போன விளையாட்டுக் களிமண்ணை பிஸ்டன் தலையில் அப்பிக் கையால் சுற்றினேன். வால்வு பதிந்த இடத்தில்கூட நல்ல கனம் மிச்சம் இருந்தது. களிமண் பச்சை நிறம்.

போன ஞாயிறு ஸ்டார்ட் பண்ணினேன். ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்றாள் உன் தங்கச்சி. இது 28 வருஷப் பழசு என்றேன். எலுமிச்சம்பழத்தோடு விட்டுவிட்டாள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றினேன். அப்புறம் பிளக் மாட்டி, சாவியைத் திருப்பினேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. என்னடா சொல்ல, அப்படியே நின்றேன். சின்னவள்தான் வீடியோ எடுத்தாள். அதில் நான் கண்ணைத் துடைக்கிறேனாம், புகைதான் காரணம்.

இருபது நிமிஷம் ஓட்டி ஆயில் மாற்றி, நாலு நாள் மெதுவாகவே ஓட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை சின்னவளையும் ஏற்றிக்கொண்டு பாம்பன் போனேன். ரோட்டுப் பாலத்தில் அந்த ஏற்றம் வருமே, அங்கே நாலாவது கியரிலேயே அமுக்கினேன். இழுக்கிறது மாப்ள, என்னமாய் இழுக்கிறது. அப்போது அவள், "அப்பா, அது என்ன, டப்பாவுல சில்லறை போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம்?" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இறங்கி, திருப்பிக்கொண்டு மறுபடி ஏறினோம். "இந்தா, இப்ப, இப்ப" என்கிறாள். எனக்குக் காற்றுதான் கேட்கிறது. போனில் பதிவு பண்ணி, வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினாள். பேத்திகூட வீடியோ காலில் கேட்டுவிட்டு, "தாத்தா, காசு" என்றது. அதிலும் எனக்குக் கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன், நான் ஏன் போன் எடுப்பதில்லை என்று. போன வருஷமே மதுரையில் காது டாக்டரிடம் போனேன். ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காகப் போகிறது. 4000-க்கு வரும்போது கிணற்றில் விழுகிறது, அதற்குப் பிறகு ஏறவே இல்லை. முப்பது வருஷக் கம்ப்ரஸர் சத்தம். காதில் பஞ்சுகூட வைக்காமல் வேலை பார்த்தேன், யாரைச் சொல்ல. நேரில் முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவேன். போனில் பாதி எழுத்து விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் "என்ன, என்ன" என்று உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க எனக்குக் கூச்சம். உன் தங்கச்சிக்குத் தெரியாது. தான் சொல்வதை நான் வேண்டுமென்றே கேட்பதில்லை என்று இருபது வருஷமாக நம்புகிறாள், அது அப்படியே இருக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 74.5 மில்லி போரில் நாக்கிங், அதாவது கலவை சிலிண்டருக்குள் நேரம் கெட்டுத் தானாக வெடிப்பது, வந்தால் அந்தச் சத்தம் 7000, 7500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். சரியாக எனக்கு இல்லாத இடம். இப்போது வருகிற கார்களுக்கு பிளாக்கிலேயே ஒரு காது வைத்து அனுப்புகிறார்கள், நாக் சென்சார் என்று. அது கேட்டதும் டைமிங், அதாவது பிளக் பொறி விடுகிற நேரம், தானாகப் பின்னால் போகும். இந்த 97-க்கு ஓட்டுகிறவன் காதுதான் சென்சார். நான் சந்தோஷமாக அமுக்கிக்கொண்டே போவேன், உள்ளே பிஸ்டன் ஓரம் உடைந்துகொண்டிருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினேன். குறைந்திருக்கிறது, போகவில்லை என்கிறாள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் நாக்கிங்குக்கு நல்லதுதான், ஆனால் கார்பரேட்டர் வண்டியில் கலவை வறண்டுபோகும், காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. வறண்டால் சூடு, சூட்டில் நாக்கிங். அதனால் கார்பரேட்டரில் பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட் பெரிதாக வேண்டுமோ? இல்லை, கம்ப்ரஷன் 10 எனக்கு அதிகமோ, கனமான கேஸ்கெட் போட வேண்டுமோ? அல்லது நாக்கிங்கே இல்லை, வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டோ, சைலன்சர் தகடோ? சின்னவளுக்குச் சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், கேட்காது. அவளும் 20-ஆம் தேதி கிளம்பிவிடுகிறாள்.

நீ வா. உங்கப்பா அம்பாசிடரில் ஸ்க்ரூடிரைவரை நட்டுக் காதை வைத்து, "ரெண்டாவது பிஸ்டன் பின்" என்று சொன்னவன்டா நீ. செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் பக்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று புலம்புகிற காது அது. இரண்டு நாள் போதும். நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார். கேட்டால் என் தொடையில் தட்டு, காலை எடுத்துவிடுகிறேன்.

வரும்போது நாலைந்து சைஸில் மெயின் ஜெட் வாங்கி வா, இங்கே கிடைப்பதில்லை. இந்தக் கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வா, உன் தங்கச்சி உன் பையைத் துழாவுவாள். குண்டூசியிடம் மூச்சு விடாதே. தேதியை மெசேஜ் போடு, போன் அடிக்காதே.

உன்
கார்பரேட்டர்